பதிலுக்கு ஒரு லிங்க்

"வெர்னா, போனை விடுறியா இல்லையா? தகரக் கடைக்காரனுக்குப் பேசணும்."

"இன்னும் ரெண்டே பைலு ஆர்வோ. போன் லைன் வழியாத்தான் ஏறிக்கிட்டு இருக்கு. இப்ப நீ போனைத் தொட்டே, எல்லாம் மொதல்லேருந்து. அப்புறம் மத்தியானச் சாப்பாடு ஒன் பொறுப்பு."

ஆர்வோ கெம்ப்பைனன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். முப்பது வருடக் குடித்தனத்தில் அவன் சமைத்தது சவுனா நீராவிக் குளியலறை அடுப்பில் சுட்ட தொத்திறைச்சி மட்டும்தான். அதையும் பாதி கரியாக்கித்தான் கொண்டுவருவான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற இடது தோளை வலது கையால் பிசைந்துகொண்டே பெண்டாட்டியை வேடிக்கை பார்த்தான்.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் உருளைக்கிழங்குத் தோல், மறு பாதியில் கம்ப்யூட்டர். வெர்னா செய்துகொண்டிருந்த வேலை இதுதான்: ஹீரான் ஏரிக்கரையில் அவர்களுக்கு ஆறு மரக் கேபின்கள் உண்டு, வாடகைக்கு விடுவார்கள். அவற்றுக்கென்று ஒரு வெப்சைட்டும் உண்டு. அதில் 'ஊரில் வேறு என்ன இருக்கிறது' என்று ஒரு பக்கம் போட்டு, பெல்டோலாவில் வெப்சைட் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒவ்வொரு லிங்க் கொடுத்திருந்தாள். அதைக் கையால் திருத்தித் திருத்தி அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு கடையைச் சேர்த்தால் இன்னொரு கடை கீழே விழுந்துவிடும். ஒருமுறை அடைப்புக்குறி ஒன்றை மறந்ததில், ஊர் முழுவதும் சாய்வெழுத்தில் ஒரு வாரம் நின்றது. இதற்கென்றே இலவசமாக ஒரு சாப்ட்வேர் கிடைக்கிறது, லிங்க்குகளை அதுவே வகை பிரித்து அடுக்கி வைத்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்தாள். பிடித்துக்கொண்டாள்.

பிடித்தது என்னவோ சுலபம். திங்கட்கிழமை இறக்கினாள். செவ்வாய்க்கிழமை சர்வரில் ஏற்றியபோது திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எழுதும் அனுமதி இல்லாத போல்டருக்கு அனுமதி கொடு என்றது. கொடுத்தாள். கடவுச்சொல் தப்பு என்றது. கடவுச்சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. இந்தச் சனியனை எவன் எழுதினானோ, அவன் தலையில் ஏரித் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று வாய்விட்டே திட்டினாள். ஆனால் விடவில்லை. வெர்னா ஒன்றைத் தொட்டால் விடமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

இன்றைக்குப் புதன். கடைசி பைலும் ஏறியது. பக்கத்தைத் திறந்தாள். சிவப்பு இல்லை! பச்சை நிறத்தில் 'நிறுவல் வெற்றி' என்று வந்தது.

"ஆர்வோ! வந்திருச்சு! வந்திருச்சுய்யா!"

"நெசமாவா? இப்பவாச்சும் போனைக் குடு தாயி."

போனைக் கொடுத்தாள். அவன் தகரத்துக்குச் சொல்லிவிட்டு வைத்தான். தகரம் சும்மா அழகுக்கு இல்லை. அக்டோபர் புயலில் பைன் மரம் ஒன்று விழுந்து பெரிய கேபினின் கூரையைப் பிளந்துவிட்டது. மேலே தார்ப்பாயைக் கட்டி வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் மான் வேட்டை தொடங்குகிறது. தெற்கேயிருந்து வருடா வருடம் வருகிற கும்பல் ஒன்று அந்தக் கேபினில்தான் தங்கும். அவர்கள் ஒரு வருடம் வேறு இடம் பார்த்துக்கொண்டால் அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய கவலை பனி. எங்கள் பக்கத்துப் பனி தார்ப்பாய்க்கெல்லாம் பயப்படாது. உள்ளே இறங்கித் தரையை ஊறப்போட்டு, வசந்தம் வரும்போது சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும். தோள் விட்டுப்போன ஆர்வோவால் தனியாகக் கூரை போட முடியாது.

அதனால் சனிக்கிழமை தல்கோ. பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பாட்டன்மார் கொண்டுவந்த பழக்கம் அது. ஒருவருக்குப் பெரிய வேலை வந்தால் ஊர் சேர்ந்து வந்து செய்து கொடுக்கும், கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு மட்டும். அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. கூட்டுறவுக் கடைப் பலகையில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டு வீடாகப் போய் 'வருவீர்களா?' என்று கேட்கக் கூடாது. கேட்டால், வராமல் போய்விடுவீர்களோ என்று சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கொடுத்த பாத்திரத்தைக்கூடக் கேட்பதில்லை. பாத்திரத்தின் அடியில் காகித டேப்பை ஒட்டிப் பெயரை எழுதிவிடுவார்கள். அது தானாக ஒருநாள், உள்ளே ஏதாவது பலகாரத்தோடு, வீடு வந்து சேரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவள் என்று பெயர் வாங்குவதைவிட ஊரை விட்டே போய்விடலாம்.

வெர்னா சாப்ட்வேருக்குள் ஊரை ஏற்றினாள். 'சாப்பாடு' என்ற வகையில், மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் அடைத்துச் சுடும் ஜூன் ட்ரெவாரோவின் பேஸ்டிக் கடை. 'வழிபாடு' என்பதில் பாஸ்டர் டென்னிஸின் லூத்தரன் தேவாலயம். பனி வண்டி ரிப்பேர் கடை, தீயணைப்புத் தொண்டர்கள், நூலகம். கெர்மிட் லாமியின் சவ அடக்க நிலையத்தை எந்த வகையில் போடுவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் 'சேவைகள்' என்று முடித்தாள். ஒவ்வொருவர் பெயரோடும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்டது, கொடுத்தாள். நிர்வாகி பெயர் கேட்டது; பெருமையாக வெர்னா கெம்ப்பைனன் என்று தட்டினாள்.

எல்லாம் ஜம்மென்று அமர்ந்தது. இனி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதானே! ஓரத்தில் 'பதில் லிங்க் சோதனை' என்று ஒரு பொத்தான். ஒவ்வொரு தளமாகப் போய், அவர்கள் நமக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்களா என்று அதுவே பார்த்து வரும். அட, இதுகூடவா என்று அழுத்தினாள். வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. ஊரில் ஒருவர்கூட அவளுக்கு லிங்க் கொடுத்திருக்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் எதிர்பார்த்துச் செய்யவும் இல்லை.

கடைசியில் ஒரு வரி வந்தது. 'சோதனை முடிந்தது. எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பப்பட்டன.'

"என்னது?" என்றாள் வெர்னா.

அமைப்புகள் பக்கத்துக்கு ஓடினாள். 'உரிமையாளருக்குத் தெரிவி' என்ற கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டே வந்திருந்தது. கடிதமும் தயாராக எழுதியே வந்திருந்தது. நகல் ஒன்று அவள் பெட்டிக்கும் வந்து விழுந்தது. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு ஆர்வோ அதைச் சத்தமாக வாசித்தான்.

"'தள உரிமையாளருக்கு. நாங்கள் உங்களுக்கு லிங்க் கொடுத்துள்ளோம். நீங்கள் பதிலுக்குக் கொடுக்கவில்லை. மூன்று நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் நீங்கள் நீக்கப்படுவீர்கள். இதுவே இறுதி எச்சரிக்கை. வெர்னா கெம்ப்பைனன், நிர்வாகி.'" அவன் தோள் குலுங்கியது. "கெர்மிட்டுக்கும் போயிருச்சா?"

"போயிருச்சு."

"ஊரையே பொதைக்கிற மனுசன்! அவனையே நீக்கிப்புடுவேன்னு மெரட்டிட்டியே வெர்னா!"

"சிரிக்காத ஆர்வோ! மூணு நாள்னா என்னைக்கு? சனிக்கிழமை! தல்கோ அன்னைக்கு! சீட்டை ஒட்டிப்புட்டு, வீடு வீடா மெரட்டல் கடுதாசி விட்டிருக்கேன். ஒரு ஈ காக்கா வருமா?"

ஆர்வோவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகத் தார்ப்பாயைப் பார்த்தான்.

"போன் பண்ணி நடந்ததைச் சொல்லிரு" என்றான்.

சொல்லலாம் என்று ஜூனுக்கு அடித்தாள். லைன் பிஸி. கெர்மிட்டுக்கு அடித்தாள். பிஸி. தேவாலயத்துக்கும் பிஸி. காபி குடித்துவிட்டு மறுபடி அடித்தாள். எல்லாம் பிஸி.

"ரிசீவரை எடுத்துக் கீழ வெச்சுட்டாங்க ஆர்வோ. என் குரலைக் கேக்கவே புடிக்கல."

"இன்னொரு மெயில் போடேன்."

"இந்தப் பொட்டி வழியா இனி ஒரு எழுத்து வெளிய போகாது" என்று கம்ப்யூட்டரை அணைத்து, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் கூட்டுறவுக் கடைக்குப் போனாள். போகாமலும் இருக்க முடியாது. குழம்புக்கு ருட்டபாகா கிழங்கு வேண்டும். கிழங்குக் கூடைக்கு அந்தப் பக்கம் ஜூன் நின்றிருந்தாள். வெர்னாவைக் கண்டதும் அவள் முகம் சிவந்துபோயிற்று. 'காத்து திரும்பிருச்சு இல்ல?' என்று கிழங்கிடம் சொல்லிவிட்டு வெண்ணெய் அலமாரிப் பக்கம் நழுவினாள். பில் போடும் இடத்தில் கெர்மிட். தொப்பியைத் தொட்டார், மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியேறினார். வாசலில் பாஸ்டர் டென்னிஸ் அகப்பட்டார்.

"பாஸ்டர், அந்தக் கடுதாசி..."

"தெரியும் வெர்னா, தெரியும்" என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. "ரொம்ப வெக்கமா போச்சு. ஒண்ணும் சொல்லாதம்மா." அதோடு வண்டியில் ஏறிவிட்டார்.

அவளுக்காக அவர் வெட்கப்படுகிறார் என்றுதான் வெர்னா எடுத்துக்கொண்டாள். பலகையில் தன் துண்டுச் சீட்டு ஒற்றை ஆணியில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அழுகை வந்தது. அதைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். எங்கள் ஊரில் மனசு நொந்தவர்கள் கத்த மாட்டார்கள், சண்டைக்கு வர மாட்டார்கள். வராமல் இருந்துவிடுவார்கள். அதுதான் தாங்க முடியாது.

வெள்ளிக்கிழமை தகரம் வந்து இறங்கியது. சாயங்காலம் ஆர்வோ அதன் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கே ஏரிக்கு மேலே சாம்பல் நிற மேகம் கட்டியிருந்தது.

"நாளைக்குப் பனி விழும்" என்றான். "வந்தா வரட்டும். வராட்டி நாம ரெண்டு பேரும் ஏறுவோம்."

"ஒன் தோளை வெச்சுக்கிட்டா?"

"ஒன் வாயை வெச்சுக்கிட்டு ஏறலாம். அதுதான் ஊரையே நீக்குற வாய்."

அடிக்கக் கை ஓங்கினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். என்னால்தானே இவனுக்கு இந்தக் கதி என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் சனிக்கிழமை காலையில் பெரிய பானையைத்தான் அடுப்பில் ஏற்றினாள். மாட்டிறைச்சி, உருளை, கேரட், ருட்டபாகா, முழு மிளகு எல்லாம் போட்டுக் கொதிக்கிற மொயக்காக் குழம்பு. நேற்றே ஏலக்காய் போட்டுப் பின்னிச் சுட்ட நிசு ரொட்டி துணிக்கடியில் இருந்தது.

"இம்புட்டையும் யாரு திங்கிறது? ஈஸ்டர் வரைக்கும் நாம ரெண்டு பேரும் இதையே குடிக்கணும்" என்றான் ஆர்வோ.

"குடிப்போம். எனக்கு நல்லா வேணும்" என்றாள் வெர்னா.

வாசலில் டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்துக் காட்டு வில்ஹோ ரன்டா. கல்யாணம் ஆகாதவர், வயது எழுபதுக்கு மேல், பேச்சு மாதத்துக்கு நாலு வாக்கியம். இறங்கினார். சுத்தியல் தொங்கும் இடுப்புப் பட்டையோடு நேரே வெர்னாவிடம் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எனக்கு ஏன் அனுப்பல?"

"எதை?"

"மெரட்டல் கடுதாசி. ஊருல எல்லாத்துக்கும் வந்திருக்கு. ரிப்பேர்க் கடைக்கு வந்திருக்கு. பொணக் கடைக்கு வந்திருக்கு. இருபத்தி ரெண்டு வருசமா பக்கத்துல கெடக்கேன். நான் ஒனக்கு மனுசனா தெரியலயா?"

"ஐயோ வில்ஹோ, உங்ககிட்டதான் வெப்சைட்டே இல்லையே!"

"அதைக் கேட்டியா?" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று ஏணியை எடுத்துக்கொண்டு கேபினைப் பார்க்க நடந்தார்.

வெர்னா அவர் பின்னால் இரண்டு அடி வைப்பதற்குள் பாதையின் திருப்பத்தில் விளக்குகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, அதற்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது. முதல் வண்டியிலிருந்து ஜூன் ட்ரெவாரோ, அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டோடு இறங்கினாள்.

"புடி. இருபது பேஸ்டி. சூடா இருக்கு."

தட்டை வாங்கிய வெர்னா பழக்கதோஷத்தில் அடியைத் தூக்கிப் பார்த்தாள். டேப்பில் ஜூனின் பெயர். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'லிங்க் போட்டாச்சு. எங்களை நீக்காதே.'

"ஜூன்... அதை நான் எழுதல. சத்தியமா நான் எழுதல. அந்தச் சாப்ட்வேரே..."

"யாரு எழுதினா என்னடி? நெசந்தானே! இத்தனை வருசமா எங்க கடையை ஒன் பக்கத்துல போட்டு வெச்சிருக்கே. ஒன்னைப் பாத்துட்டு எத்தனை பேரு பேஸ்டி திங்க வந்திருப்பான்? நாங்க ஒன் பாத்திரத்தை அலமாரியில வெச்சுக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருந்திருக்கோம். கடுதாசியைப் படிச்சதும் எனக்கு மானமே போச்சு."

"அப்ப போனு?"

"எந்தப் போனு?"

"எப்ப அடிச்சாலும் பிஸி!"

"பிஸியா இல்லாம? மூணு நாளா இன்டர்நெட்லயே கெடந்தோம்! லிங்க் போடுறது எப்படின்னு எவனுக்குத் தெரியும்? நான் போட்டேன், மெனு பூராக் காணாமப் போச்சு. திருப்பி வர வெச்சேன், பேஸ்டி வெலை பூராப் பூச்சியமாயிருச்சு. ஒன்கிட்டக் கேக்கலாம்னா, ஒனக்குக் குடுக்க வேண்டியதை ஒன்கிட்டயே எப்படிக் கேக்குறது?"

பாஸ்டர் டென்னிஸ் சட்டியோடு வந்தார். தேவாலயத்துத் தளத்தை அரிசோனாவில் இருக்கிற மருமகன்தான் கவனிக்கிறானாம். அவன் கடவுச்சொல்லை மறந்துவிட்டான், அதைத் தேடி இரண்டு நாள். "முப்பது வருஷமா பிரசங்கத்துல கொடுங்க கொடுங்கன்னு சொல்றேன். ஒரு லிங்க் குடுக்கல. ரொம்ப வெக்கமாப் போச்சு வெர்னா" என்றார். கூட்டுறவுக் கடை வாசலில் அவர் வெட்கப்பட்டது யாருக்காக என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கடைசியாகக் கெர்மிட் லாமி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

"நானும் போட்டுட்டேம்மா. ஆனா எங்க போடுறதுன்னு தெரியல. எங்க தளத்துல இருக்கிறதே ஒரு பக்கம். சவப்பெட்டி மாடல் பூராக் காட்டி முடிச்ச பெறவு, கீழ கொஞ்சம் எடம் இருந்துச்சு."

"என்னன்னு எழுதினீங்க?"

"'அமைதியான ஓய்வுக்கு, கெம்ப்பைனன் கேபின்கள்'னு."

ஆர்வோதான் ஆரம்பித்தான். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். ஜூன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெர்னா சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கெர்மிட் மட்டும், "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

அதற்கப்புறம் வேலை. தார்ப்பாயை உருவி எறிந்தார்கள். உடைந்த வாரைகளைக் கழற்றிப் புதியதை ஏற்றினார்கள். ஆர்வோவை மட்டும் ஏற விடவில்லை. அவனைக் கீழே ஒரு மரக்கட்டையில் உட்காரவைத்து, ஆணி எண்ணிக் கொடுக்கச் சொன்னார்கள். அவன் முனகிக்கொண்டே எண்ணினான். பத்து மணி வாக்கில் முதல் பனி விழத் தொடங்கியது. மெல்லிய பனிதான், தகரத்தில் பட்டதும் கரைந்தது. எல்லோரும் வேகத்தைக் கூட்டினார்கள். மத்தியானத்துக்குள் முகட்டுத் தகரம் ஒன்றைத் தவிர எல்லாம் பூட்டியாகிவிட்டது.

சாப்பாட்டில் வழக்கமான சண்டை நடந்தது. ரிப்பேர்க் கடைக்காரன் பேஸ்டி மேல் இறைச்சிச் சாற்றை ஊற்றப் போனான். கெட்சப் தவிர வேறெதுவும் தன் பேஸ்டியைத் தொடக்கூடாது என்று ஜூன் அவன் தட்டையே பிடுங்கினாள். மொயக்காப் பானையின் அடி தெரிந்தது. வில்ஹோ மட்டும் ஓர் ஓரத்தில், யாரோடும் சேராமல், முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பு குடித்தார்.

வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்தாள். முதல் வேலையாக 'உரிமையாளருக்குத் தெரிவி' என்ற டிக்கை எடுத்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"வில்ஹோ, கிண்ணத்தோட இங்க வாங்க. உக்காருங்க. உங்களைச் சேக்கணும்."

அவர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வெர்னா புதிதாக ஒரு வகை திறந்தாள். 'அக்கம்பக்கம்' என்று பெயர் வைத்தாள்.

"பேரு வில்ஹோ ரன்டா. சரி, உங்களைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க."

அவர் வெகுநேரம் யோசித்தார். "டிராக்டர் இருக்கு" என்றார். பிறகு, "கூப்பிட்டா வருவேன்."

"கூப்பிடாட்டி?"

"கூப்பிடாட்டியும் வருவேன். பேச மாட்டேன்."

அப்படியே தட்டினாள். தள முகவரி கேட்டது. காலியாக விட்டால் ஏற்றுக்கொள்ளவில்லை. தன் தளத்தின் முகவரியையே அங்கே கொடுத்தாள். திரையில் தன் பெயர் வந்ததை வில்ஹோ மூக்கு இடிக்கும் தூரத்தில் குனிந்து பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. அதைச் சிரிப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"அந்தக் கடுதாசி எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார் வாசலில் நின்று. "காயிதத்துல. செவுத்துல ஒட்டணும்."

"தரேன் வில்ஹோ. உங்களுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் போனார். வெர்னா மீதிக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன் சாப்ட்வேர் கடைசியாக ஒன்று கேட்டது. 'இவர் பதிலுக்கு லிங்க் கொடுத்திருக்கிறாரா?' வெர்னா ஜன்னலைப் பார்த்தாள். பனி இப்போது கனத்து விழுந்தது. கூரை முகட்டில் வில்ஹோ குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, எல்லோருக்கும் காபி வைக்க எழுந்தாள்.